சுண்ணாம்புக் கோடு வரைக்கும் கரி

தெல்மா அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எங்கள் பக்கத்து ஜனங்கள் அவளுடைய ஆடுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் கரியைப் பற்றிப் பேசுவேன். அவளுடைய கரியில் என் முதுகும் சேர்ந்து எரிந்திருக்கிறது, எனக்கு அந்த உரிமை உண்டு.

நான் வில்பர்ட். அவள் அம்மாவும் என் அம்மாவும் வேறு வேறு, ஆனால் இரண்டு பேரும் உப்புக் குலம். எங்கள் நவஹோ பழங்குடி வழக்கத்தில் அதுவே போதும். அவள் எனக்கு அக்கா, கூப்பிட்டால் நான் போக வேண்டும். அவளும் கூப்பிடுவதில் குறை வைப்பதே இல்லை.

இருபத்தாறு வருஷம் எங்கள் மேட்டின் மேலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வீடு உயரத்துக்கு ஒரு லாரி ஓட்டினேன். அந்தக் காலத்தில் மேட்டுக் குடும்பங்கள் காலையில் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் மதியச் சாப்பாட்டுக்குள் குளிர்காலக் கரியோடு வீடு திரும்பிவிடுவார்கள். சுரங்கத்தில் எங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். பிறகு சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் வீட்டு அடுப்புகளை யாரும் மூடவில்லை, குளிரும் தன் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது அதே கறுப்புக் கல்லை வாங்க ஃபார்மிங்டன் பக்கத்துச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். போக நூற்று அறுபது மைல், வர நூற்று அறுபது மைல். ஒரு டன் கரிக்கு எழுபது டாலர் கொடுத்தால் அதை வீடு கொண்டுவந்து சேர்க்கப் பெட்ரோலுக்கும் டயருக்கும் அதைப்போல இரண்டு மடங்கு போகிறது. ஆட்டை வாங்கிவிட்டுக் கயிற்றுக்கு ஆட்டை விட அதிகம் கொடுப்பது மாதிரி. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில் வீடு சூடானால் நன்றாக இருக்கும்.

அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. புருஷன் போய்ப் பதினோரு வருஷம். மேட்டின் விளிம்பில் தனி வீடு, மின்கம்பி கிடையாது, முப்பத்தொரு ஆடுகள். முன்னால் நடக்கும் வெள்ளாட்டின் கழுத்தில் பித்தளை மணி. ஒரே மகள் ரொவீனா ஃப்ளாக்ஸ்டாஃப் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள்.

போன வருஷம் பிப்ரவரியில் அக்காவுக்குக் கரி தீர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வேலிக்கால்களை எரித்தாள், அப்புறம் நாற்காலிகளை. ரொவீனா வந்து பார்த்தபோது வீட்டுக்குள் நான்கு குட்டிகளைக் கட்டிக்கொண்டு இரண்டு போர்வைக்குள் கிடந்தாளாம். இருமல் ஏப்ரல் வரைக்கும் விடவில்லை.

அதனால் இந்த செப்டம்பரில் ரொவீனா ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு வந்தாள். கரிக்கொட்டகைக்குள் நுழைந்து, தன் இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்க ஒரு கோடு இழுத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, முதல் பனி விழறதுக்குள்ள இந்தக் கோடு வரைக்கும் கரி இருக்கணும். இருந்தா நீ இங்கயே இரு, நான் வாய் திறக்க மாட்டேன். இல்லேன்னா ஆடுகளை வித்துட்டு என்கூட வந்துடணும்."

"அந்தக் கோடு எத்தனை டன்னு?"

"மூணு."

"சரி," என்றாள் அக்கா.

"சும்மா சரின்னு சொல்லாத. மாமா சாட்சி."

"உங்க மாமா எதுக்குச் சாட்சி? அவன் நேத்து என்ன சாப்பிட்டான்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது. நான் சொன்னா சொன்னதுதான்."

அக்கா வாக்குக் கொடுத்துவிட்டால் மாற மாட்டாள். எனக்கு அதுதான் பயம். கோடு மறையவில்லை என்றால் உண்மையாகவே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிடுவாள். ஆடில்லாத தெல்மாவை என்னால் யோசித்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

நகரத்துக்குப் போவதில் இன்னொரு சங்கடம் இருந்தது. அதன் பெயர் கெல்வின். ரொவீனாவின் புருஷன். எங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் கெடும். எங்கள் பேச்சில் மாமியாருக்குப் பேரே 'பார்க்கக் கூடாதவர்' என்பதுதான். அந்தக் காலத்து மாமியார்கள் காதில் சின்ன வெள்ளி மணிகள் போட்டுக்கொள்வார்கள், சத்தம் கேட்டதும் மருமகன் விலகிப் போவதற்கு. இப்போதைய பிள்ளைகள் பலர் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை. கெல்வினும் விடவில்லை, அவனை வளர்த்தவர்கள் அப்படி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்ததில்லை. அவன் மேட்டுக்கே வருவதில்லை. தனியாக இருக்கிற பெண், எந்தப் பக்கத்திலிருந்து எப்போது எதிரே வருவாளோ என்று யார் போய் அவனுக்குச் சொல்வது?

அவர்கள் வீடோ இரண்டே அறை. அக்கா அங்கே போனால் இவள் சமையலறையில் இருக்கும்போது அவன் படுக்கையறையில் அடைந்து கிடக்க வேண்டும், அவன் குளிக்கப் போனால் இவள் கொல்லைப்புறம் போக வேண்டும்.

"மாமா, அத்தை வந்தா நான் ஏப்ரல் வரைக்கும் லாரியிலதான் படுக்கணும்," என்று கெல்வின் என்னிடம் ஒருமுறை போனில் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவங்க அங்கதான் மாமா இருக்கணும். எங்க பாட்டனாரை ஊருக்குள்ள கொண்டு வந்து வச்சாங்க. ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. ஒரு வருஷம்தான்," என்றான்.

அக்கா இரண்டு கடாக்களை விற்றாள். அந்தப் பணத்தில் ஒரே ஒரு பயணம்தான் போக முடியும். அவளுடைய பழைய பிக்கப்பில் ஒரு டன், அதன் பின்னால் என்னுடைய டிரெய்லரைக் கட்டி இன்னொரு டன். மூன்றாவதற்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். "ரெண்டு முதல்ல வரட்டும்," என்றாள்.

அக்டோபர் கடைசி வியாழன், விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம், டாக்டர் பத்து ராத்தலுக்கு மேல் தூக்காதே என்றிருந்தார்.

"அப்ப எதுக்குடா வர்ற?" என்றாள்.

"உனக்குத் துணைக்கு."

"வாய்த்துணைக்கு."

டெனஹோட்சோ ஊரைத் தாண்டியபோது கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அரை மைல் தள்ளி ஒரு வெள்ளை லாரி, பாரம் ஏற்றப் பின்பக்கம் திறந்த பலகைத் தட்டு வைத்தது, வந்துகொண்டிருந்தது. ஒரு கடையில் காபிக்கு நிறுத்தினோம். அதுவும் தூரத்தில் ஓரங்கட்டி நின்றது. கிளம்பினோம், அதுவும் கிளம்பியது.

"அக்கா, நம்மளை யாரோ பின்தொடர்றான்."

"உன்கிட்ட என்ன இருக்குன்னு திருடறதுக்கு?"

சுரங்கத்தில் எங்களுக்கு முன்னால் இருபத்திரண்டு வண்டிகள். எல்லாம் எங்கள் ஜனங்கள்தான், சின்லேயிலிருந்து, பின்யோனிலிருந்து. மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். அக்கா இறங்கி முன்னாலிருப்பவளோடும் பின்னாலிருப்பவளோடும் குலம் விசாரித்து, ஒருத்தியைச் சின்னம்மா ஆக்கி, அவள் கொண்டுவந்த ஆட்டிறைச்சி ரொட்டியில் பாதியை வாங்கிவந்துவிட்டாள். வெள்ளை லாரி கேட்டுக்கு வெளியே தூரமாக நின்றது. உள்ளே வரவில்லை.

எங்கள் முறை வந்தது. கரி அள்ளும் லோடர் இயந்திரக்காரன் பிக்கப்பில் ஒரு வாய் கொட்டினான், டிரெய்லரில் ஒரு வாய் கொட்டினான். டிரெய்லர் முனகியது. எனக்கு அந்த முனகல் பிடிக்கவில்லை. சொல்லவுமில்லை, ஏனென்றால் டிரெய்லர் என்னுடையது.

திரும்பும் வழியில், ரெட் மெசா ஊருக்கு இந்தப் பக்கம், ஒரு பாலத்துக்கு முன்னால் டிரெய்லர் சொல்லிக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டது. அச்சு இரண்டாக முறிந்திருந்தது. மணி இரண்டரை. காற்று வடக்கிலிருந்து அடித்தது, கரிசோ மலைகளுக்கு மேல் மேகம் ஈயம் மாதிரி இறங்கியிருந்தது. பனி இருட்டுக்கு முன்னால் வந்தால் மேட்டுப்பாதை சேறாகிவிடும், பாரத்தோடு எந்த வண்டியும் ஏறாது. அக்கா மேகத்தைப் பார்த்தாள், அச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேகத்தையும் அச்சையும் பார்த்ததை விட என்னைப் பார்த்ததுதான் மோசமாக இருந்தது.

"எத்தனை வருஷப் பழசு இது?"

"நல்லாத்தான் இருந்தது, நேத்து வரைக்கும்."

"நீயும்தான்."

வெள்ளை லாரியும் நின்றுவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. என் டிரெய்லர் மேல் வந்த கோபத்தை அவன் மேல் காட்டலாம் என்று ரோட்டோரமாக நடந்தே போனேன். ஜன்னலை இறக்கியது கெல்வின்.

"என்ன மாமா, உக்காந்துடுச்சா?"

"நீ இங்க என்ன பண்ற?"

"ரொவீனாதான் லீவு போடச் சொன்னா. அத்தையோட வண்டி வழியில நின்னுட்டா பாத்துக்கோன்னா. அதான் கண்ணுல படாம பின்னாலயே வந்தேன்."

நான் அவனுடைய லாரித் தட்டைப் பார்த்தேன். பெருக்கி வைத்த மாதிரி காலி. ஒன்றரை டன் தாங்கும் லாரி, சுரங்கத்து வாசல் வரைக்கும் போய், காலியாகத் திரும்பி வந்திருக்கிறது.

"அடப்பாவி, கரி ஏத்திக்கிட்டு வந்திருக்கலாமேடா. அவ்வளவு தூரம் வந்துட்டு?"

"எப்படி மாமா? வரிசையில அத்தை நிக்கறாங்க. இறங்கி நடந்துக்கிட்டே இருக்காங்க, எல்லார்கிட்டயும் பேசறாங்க. நான் எப்படி உள்ளே வர்றது?"

வேறு எந்த ஜனமாவது இப்படி ஒரு லாரியை முந்நூற்று இருபது மைல் சும்மா ஓட்டுமா? திட்டவும் முடியவில்லை, அவன் செய்தது மரியாதை. ஆனால் அந்த மரியாதையின் விலை சரியாக ஒரு டன் கரி. கோட்டுக்குக் குறைகிற அதே ஒரு டன்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் உடனே பிக்கப்பின் முன்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "லாரியை டிரெய்லருக்குப் பின்னால ஒட்டி நிறுத்தச் சொல்லு. டிரெய்லர்ல இருக்கறதை அதுல மாத்திடலாம்," என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

கெல்வின் தன்னால் தனியாக முடியும் என்றான். அத்தையை வண்டிக்குள் உட்காரச் சொல்லுங்கள் என்றான். போய்ச் சொன்னேன்.

"தனியா மாத்தினா எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"அதுக்குள்ள பனி வந்துடும். ரெண்டு பேர் வாரினா ஒரு மணி. என் கரி அது. நான் உக்காந்து வேடிக்கை பாக்க மாட்டேன்னு சொல்லு."

டிரெய்லர் மூடும் தார்ப்பாயை இரண்டு வண்டிக்கும் நடுவில் திரையாகக் கட்டினேன். அந்தப் பக்கம் டிரெய்லரில் நின்று அக்கா மண்வாரியால் அள்ளித் திரைக்கு மேலே வீச வேண்டும், இந்தப் பக்கம் லாரியில் நின்று கெல்வின் பரப்ப வேண்டும். பெரிய கட்டிகளைத் திரைக்கு அடியில் அவள் தள்ளுவாள், இவன் இழுத்துக்கொள்வான். நான் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் வாய்தான்.

"மாமா, அத்தைகிட்ட சொல்லுங்க, கொஞ்சம் மெதுவா வீசட்டும், தலையில விழுது."

"அக்கா, மெதுவாவாம், தலையில விழுதாம்."

"தொப்பி போட்டுக்கச் சொல்லு."

"தொப்பி போட்டுக்கணுமாம்."

"தொப்பி மேலதான் மாமா விழுது."

திரைக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். ஒன்பது வருஷத்தில் அவன் மாமியார் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவன் ஒரு நொடி குனிந்தபடியே நின்றுவிட்டு, வேகமாக வாரத் தொடங்கினான்.

பாதி ஆகியிருக்கும். வடக்குக் காற்று ஒரு வீச்சு வீசித் தார்ப்பாயைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்விட்டது. இரண்டு பேரும் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், நல்லவேளை. நான் தார்ப்பாயைத் துரத்திப் பத்து அடி ஓடினேன். ஆபரேஷன் பண்ணின இடம் சுரீரென்றது, நின்றுவிட்டேன். முதல் பனித்துளி என் மூக்கின் மேல் விழுந்தது.

"போகட்டும் விடு," என்றாள் அக்கா. தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்தாள். மடித்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இனி நீதான் என் கண்ணு. லாரி எந்தப் பக்கம்?"

"அக்கா, கீழ விழுந்துடுவ."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"நேரா. உன் மூக்குக்கு நேரா."

அவள் கண் தெரியாமலே மண்வாரியைக் கரிக்குள் குத்தினாள், தூக்கினாள், நேராக வீசினாள். சரியாக லாரியில் விழுந்தது. அடுத்தது. அடுத்தது. நான் "கொஞ்சம் இடது", "இன்னும் உயரத்துல" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கால் இடறி முட்டி போட்டு விழுந்தாள், எழுந்தாள், கண்கட்டைச் சரி பார்த்தாள், மறுபடி குத்தினாள். கெல்வின் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வீசுவதை எல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டு குனிந்தே பரப்பினான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

டிரெய்லரை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு, கெல்வின் தள்ளிப் பின்னால் வர, வெளிச்சம் இருக்கும்போதே மேடு ஏறிவிட்டோம். பனி பொட்டுப் பொட்டாகத்தான் விழுந்தது, தரையில் ஒட்டவில்லை. "ஒட்டாத பனி பனியில்லை," என்றாள் அக்கா. அவள் ஆட்டுப்பட்டிக்குள் போய் நின்றுகொண்டாள். கெல்வின்தான் இரண்டு வண்டிக் கரியையும் கொட்டகைக்குள் இறக்கினான். முடித்ததும் சுவரைப் பார்த்தோம். கோட்டுக்கு இரண்டு சாண் கீழே நின்றது கரி.

"ஞாயித்துக்கிழமை ரொவீனா வருவா," என்றான் கெல்வின் மெதுவாக. "என்னால கொண்டு வர முடியும் மாமா. லாரி இருக்கு. ஆனா எப்படி வர்றது? நான் வர்றது அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்குப் போனும் எடுக்காது. நான் வந்து இறங்கற நேரம் பாத்து எதிர்ல வந்துட்டாங்கன்னா?"

இதைப் பட்டிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் ஆடுகளுக்கு நடுவே நடந்துபோனாள். பிறகு வெள்ளாட்டின் கொம்பைப் பிடித்து நிறுத்தி, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, பித்தளை மணியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இதை வண்டி முன்னால கட்டிக்கச் சொல்லு. காதுல போட்டுக்க எனக்கு வயசாயிடுச்சு. சத்தம் கேட்டா நான் பட்டிக்குப் போயிடுவேன். எப்ப வேணா வரலாம்னு சொல்லு."

"எப்ப வேணாவா?"

"எப்ப வேணா. ஒன்பது வருஷமா வரச் சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கெல்வின் மணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். இரும்புக் கம்பியால் முன் தடுப்பில் கட்டிவிட்டுக் கிளம்பினான். கீழே வளைவு வரைக்கும் டிங் டிங் என்று கேட்டது. வெள்ளாடு அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து போகப் பட்டி வாசலில் முட்டியது.

ஞாயிறு காலை வானம் கறுத்திருந்தது. ரொவீனா தன் காரில் தனியாக வந்தாள். புருஷனுக்கு நேற்றிலிருந்து ஏதோ ரோடு வேலையாம். கொட்டகைக்குள் போனாள். வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

"அம்மா, ரெண்டு சாண் குறையுது."

"தெரியும்."

"அன்னிக்குப் பேசினது..."

"ஞாபகம் இருக்கு. பனி விழுந்தா ஆட்டு வியாபாரியைக் கூப்பிடு," என்றாள் அக்கா. அடுப்பில் காபிப் பானையை நகர்த்தி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி தொடங்கியது. இந்தத் தடவை ஒட்டியது. ரொவீனா அதைப் பார்த்தபடி நின்றாள், ஆடுகளை விற்க அவளுக்கும் ஆசையில்லை, முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் வெளியே பட்டியில் வெள்ளாடு கத்தியது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. கீழ்வளைவில், மெதுவாக, பாரத்தோடு ஏறுகிற வண்டியின் மணி.

ரொவீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"காபி ஊத்திக் குடு. அவருக்கு மூணு கரண்டி சர்க்கரை. ரொட்டி துணிக்குள்ள இருக்கு. சாப்பிடாம அனுப்பாத."

"மூணு கரண்டின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்பது வருஷமா மகள்கிட்ட கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் பட்டிக்கு நடந்தாள்.

கரி இறங்கி முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனியில் நின்றாள். தோளெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ரொவீனா கொட்டகைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள், கோடு எங்கேயும் தெரியவில்லை. "முதல் பனி இன்னும் விழுந்து முடியல, கணக்கு சரிதான்," என்றாள். நான் பட்டிக்குப் போய், "மறைஞ்சுடுச்சு அக்கா," என்றேன்.

அவள் திரும்பவில்லை. லாரி இன்னும் அங்கேதான் நின்றது. "சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.